ஆயாவின் பர்மா நடை நாவலாகும்போது

கேள்வி: வியாசர்பாடியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். என் ஆயா (அப்பாவின் அம்மா) ரங்கூனில் பிறந்தவர். 1942இல், பதினோரு வயதில், தன் அம்மாவோடும் கைக்குழந்தையான தம்பியோடும் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்தார். தம்பி வழியில் இறந்துபோனான். உயிர் போன பிறகுதான் அவனை மரத்தடியில் கிடத்தினார்கள் என்று எங்களிடம் சொல்லிவந்த ஆயா, கடைசிக் காலத்தில் ஒருநாள், அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது என்றார். போர் முடிந்தபின் கல்யாணமாகி மறுபடியும் ரங்கூன் போய், 1965இல் கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கினார். இதை 340 பக்க நாவலாக எழுதியிருக்கிறேன். கதைச் சுருக்கத்தையும் மூன்று அத்தியாயங்களையும் அனுப்பியுள்ளேன். அட்டையில் ‘உண்மைக் கதை’ என்று போடலாமா? தம்பி விஷயத்தை எழுதவே கூடாது என்கிறார் பெரியப்பா. ஒரு பதிப்பகம் அச்சிடப் பணம் கேட்கிறது. விளம்பரத்துக்காக, அகதிகள் நடந்துவரும் பழைய புகைப்படங்களைப் போன்ற படங்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் தயாரித்து வைத்திருக்கிறேன். புத்தகத்தை எப்படி விற்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அனுப்பியதை எல்லாம் படித்துவிட்டேன். உங்களுக்கு எழுத வருகிறது. ஆகவே பாராட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு, பதிப்பாசிரியராக எனக்கு நெருடியதைச் சொல்கிறேன். விற்பனையைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நானும் கடைசியிலேயே வருகிறேன்.

உங்கள் நாவலில் ஆயாவும் அவருடைய அம்மாவும் மன உறுதியால் பிழைக்கிறார்கள். காடு, பசி, காலரா எல்லாவற்றையும் அவர்கள் நம்பிக்கை வென்றுவிடுகிறது. போரில் பிழைத்தவர்களின் கதையை எழுத உட்காரும் பலருக்கும் இந்தச் சறுக்கல் நேர்கிறது. பிழைத்தவர் நம் எதிரே உட்கார்ந்து கதை சொல்கிறார். பிழைத்ததற்கான காரணம் அவருக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்று நம் மனம் முடிவு கட்டிவிடுகிறது. சரி, உறுதியால்தான் ஆயா பிழைத்தார் என்றால், அந்தக் கைக்குழந்தைக்கு உறுதி போதவில்லையா? இந்தக் கேள்விக்கு உங்கள் கையெழுத்துப் பிரதியில் பதில் இல்லை. மரத்தடிக் காட்சி இத்தனை பலவீனமாக இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1942இல் பர்மாவிலிருந்து தரைவழியாகக் கிளம்பிய இந்தியர்கள் ஏறத்தாழ 4 முதல் 5 லட்சம். வழியில் இறந்தவர்களை யாரும் முறையாக எண்ணவில்லை. பல்லாயிரம் என்பதற்குமேல் உறுதியாகச் சொல்ல வழியில்லை. யார் பிழைத்தார் என்பதைத் தீர்மானித்தவை, எந்த மாதம் கிளம்பினார்கள், கையில் எவ்வளவு பணம் இருந்தது, எந்த வழி கிடைத்தது, மலையைத் தாண்டியது மழைக்கு முன்பா பின்பா என்பவைதான். கப்பலில் டெக் டிக்கெட்டாவது வாங்க முடிந்தவர்கள் கடல்வழியே தப்பினார்கள். துறைமுகக் கூலிகள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் நடந்தார்கள். நடந்தவர்களுக்குள்ளும் பேதம் இருந்தது. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று அப்போதே புகார் எழுந்தது, காங்கிரஸும் கண்டித்தது. ஆயாவின் அம்மாவுக்கு டிக்கெட் ஏன் கிடைக்கவில்லை? உங்கள் 340 பக்கத்தில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. குண்டு விழும் காட்சிக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். கப்பல் கம்பெனி வாசலில் நின்ற வரிசைக்கு அதில் பாதியாவது கொடுங்கள்.

இனி தேதிகள். உங்கள் முதல் அத்தியாயத்தில் ரங்கூன் மீது இரவில் குண்டு விழுகிறது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் நடத்திய அந்த முதல் தாக்குதல் பட்டப்பகலில் நடந்தது. சாவு அத்தனை அதிகமானதற்கு ஒரு காரணம், மக்கள் பதுங்காமல் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்தது. உங்கள் இருட்டையும் சைரனையும் விட இது எவ்வளவு பெரிய காட்சி! பதினோரு வயதுப் பெண்ணும் தெருவில்தானே நின்றிருப்பாள். வானத்தில் பளபளக்கும் விமானங்களைத் தம்பிக்கு விரல் நீட்டிக் காட்டியிருப்பாள்.

இரண்டாவது தேதிச் சிக்கல் இன்னும் சுவாரசியமானது. கிறிஸ்துமஸ் அன்று விழுந்த இரண்டாவது குண்டோடு குடும்பம் ரங்கூனை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் இந்திய எல்லையை ஒட்டிய தாமுவில் கொட்டும் மழையில் நிற்கிறார்கள். அங்கே பருவமழை மே மாதத்தில்தான் வலுக்கும். நடுவில் ஐந்து மாதம் அவர்கள் எங்கே இருந்தார்கள்?

ஆயா சொல்லாமல் விட்டிருக்கலாம். குழந்தை நினைவில் மாதங்கள் ஒட்டிக்கொள்வது இயல்பு. ஆனால் வரலாறு அந்த இடைவெளியை நிரப்ப உதவும். ரங்கூனிலிருந்து ப்ரோம் வரை ரயில். அங்கே ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலை ஏறி, தௌங்கூப் இறங்கி, படகில் அக்யாப், அங்கிருந்து சிட்டகாங் என்பது ஒரு வழி. டிசம்பர் கடைசியில் கிளம்பியவர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் நாடினார்கள். தொழிலாளர்கள் எல்லோரும் போய்விட்டால் ரங்கூன் துறைமுகமும் துப்புரவும் நின்றுவிடும் என்று, ப்ரோம் வரை வந்தவர்களைத் தடுத்துத் திருப்பிய காலமும் உண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டி அப்படித் திரும்பியவர்களில் ஒருவராக இருந்தால் கணக்குச் சரியாக வருகிறது. மறுபடி ரங்கூன், மார்ச் 8ஆம் தேதி ஜப்பானியர் அங்கே நுழைவதற்குள் வடக்கே மாந்தலைக்கு ஓட்டம், அங்கே அகதி முகாமில் காத்திருப்பு, ஏப்ரல் 3ஆம் தேதி மாந்தலையும் குண்டில் பற்றி எரிகிறது, பிறகு சிந்த்வின் என்ற ஆற்றின் வழியே கலேவா, தாமு, பலேல், இம்பால், டிமாபூர். ஒருமுறை தப்பிப் போனவளை ‘வேலைக்கு ஆள் வேண்டும்’ என்று திருப்பி அனுப்பி, அதனாலேயே மழையில் மாட்டவைத்து, அந்த மழையில் குழந்தை சாகிறது என்றால், யாருடைய உறுதியைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்? உங்கள் நாவலின் முதுகெலும்பு இந்த ஐந்து மாதத்தில் இருக்கிறது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து ஒரு பஸ் தூரம். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். பழைய இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 1942 ஜனவரி முதல் ஜூலை வரையிலான நாளிதழ்களைப் புரட்டுங்கள். அப்போது போர்க்காலத் தணிக்கை இருந்தது. எனவே செய்திப் பத்தி சொல்லாததை விளம்பரப் பத்தியிலும் ஆசிரியருக்குக் கடிதங்களிலும் தேடுங்கள். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா அதே ஆண்டில் நடந்து வந்தவர்; அந்தப் பயணத்தை எழுதியும் வைத்திருக்கிறார். அவசியம் படியுங்கள். ஆனால் அவர் படித்தவர், நாலு பேருக்குத் தெரிந்த பத்திரிகையாளர். கூலிக்காரப் பெண் ஒருத்தி கண்ட வழி வேறாக இருந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். பிறர் எழுதியதிலிருந்து தகவலை எடுக்கலாம், தவறில்லை. வாக்கியத்தை எடுக்காதீர்கள்.

நடைவழி அத்தியாயத்தில் ஓர் இடம் என்னை நிறுத்திவிட்டது. அம்மா முந்தானையில் உப்பு முடிந்து வைத்திருக்கிறாள். அட்டை கடித்தால் ஒரு சிட்டிகை எடுத்து அதன்மேல் வைப்பாள், சுருண்டு விழும். நாள் போகப்போக முடிச்சு சிறுத்துக்கொண்டே வருகிறது. ஒரு சாயங்காலம் அட்டையைத் தானே பிய்த்து எறிந்துவிட்டு, ரத்தம் வழியும் காலோடு, மிச்ச உப்பைக் கஞ்சியில் போடுகிறாள். இதை ஆயா சொல்லாமல் யாரும் எழுதியிருக்க முடியாது. உடனே அடுத்த வரியில் ‘அவள் நெஞ்சம் எஃகாக மாறியது’ என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியை அடியுங்கள். அதுபோன்ற வரி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அடியுங்கள். 340 பக்கம் 290 ஆகிவிடும். புத்தகமும் கொஞ்சம் மலிவாகும்.

பேச்சு வழக்கிலும் கவனம் வேண்டும். உங்கள் கதைமாந்தர் 1942லேயே இன்றைய வடசென்னைத் தமிழ் பேசுகிறார்கள். சுருக்கத்தின்படி கொள்ளுப்பாட்டியின் ஊர் ராமநாதபுரம் பக்கம். அந்தப் பேச்சில் கொஞ்சம் பர்மியச் சொல் கலந்திருக்கும். வியாசர்பாடித் தமிழ் இந்தக் குடும்பத்துக்கு வருவது 1965க்குப் பிறகுதான். அது பேரப் பிள்ளைகளின் பேச்சு. அதேபோல் கதைக்குள் ரங்கூன், பர்மா என்றே இருக்கட்டும். சில இடங்களில் மியன்மார் என்று நழுவியிருக்கிறது.

அவர்கள் கல்கத்தா வழியாக ஜூன் மாதம் சென்ட்ரலில் வந்து இறங்கும்போது ஊர் திருவிழாப்போல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1942 ஏப்ரலில் மெட்ராஸ் பாதி காலியான நகரம். ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும், அடுத்தது நாம்தான் என்று ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். அரசு அலுவலகங்கள் பல உள் மாவட்டங்களுக்குப் போயின. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த ஜார்ஜ் டவுன், ராயபுரம் மக்களின் பயத்தைக் கேட்க வேண்டியதில்லை. 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டதைப் பார்த்த கிழவர்கள் அங்கே உயிரோடு இருந்தார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்று அங்கிருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். காட்டையும் மலையையும் தாண்டி வந்த சிறுமி, வராத குண்டுக்குப் பயந்து இரண்டு மாதம் முன்பு பாதி காலியான ஊரில் வந்து இறங்குகிறாள். இதை வைத்துக்கொண்டா கூட்டம் அலைமோதியது என்று எழுதுவது?

1965ஆம் ஆண்டுக் கப்பலைக் கடைசி ஆறு பக்கத்தில் அவசரமாக முடித்திருப்பதும் எனக்குச் சம்மதமில்லை. பர்மாவின் நே வின் ராணுவ அரசு 1964இல் கடைகளைத் தேசியமயமாக்கியது. 50, 100 கியாத் நோட்டுகளைச் செல்லாது என்றது. இரண்டாம் முறையும் வெறுங்கையோடு வந்தவர்கள்தான் வியாசர்பாடியில் குடியேறினார்கள். 1960களின் இறுதியில் பர்மா பஜாரில் கடை போட்டார்கள். முதல் நடையில் ஆயா சிறுமி, இரண்டாவது வருகையில் அவரே தாய். கையில் குழந்தையோடு கப்பல் ஏறியபோது தம்பியை நினைத்தாரா? ஆயா சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் கற்பனை செய்யுங்கள், அதற்குத்தானே நாவல்.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. தன் பாட்டி மூச்சிருந்த பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள் என்று ஊரார் படிப்பதை எந்தப் பேரனும் விரும்பமாட்டான். ஆனால் அந்தச் சாவை எடுத்துவிட்டால் இந்த நாவலை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பெயர்களை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், குழந்தையைத் தங்கை ஆக்குங்கள். முன்னுரையில் குடும்பத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். இரண்டு விதமாக ஆயா சொன்னாரே, அதில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையதல்ல. இரண்டையும் வைத்துவிடுங்கள், பேத்தி முதலில் ஒன்றைக் கேட்கிறாள், முப்பது வருஷம் கழித்து இன்னொன்றைக் கேட்கிறாள். ‘வானமும் அழுதது’ என்ற வரி மட்டும் வேண்டாம். அங்கே மழை பெய்தது, போதும். மழைக்காலத்தில் கொள்ளுப்பாட்டியால் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் என்று முந்தைய அத்தியாயங்களில் நீங்கள் காட்டியிருந்தால், அவரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டார்கள். திருத்தி எழுதிய அத்தியாயத்தை அச்சுக்குப் போகுமுன் பெரியப்பாவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். அனுமதிக்காக அல்ல. நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டியவர் நீங்கள். புத்தக வெளியீட்டு அழைப்பிதழைப் பார்த்து அவர் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

‘உண்மைக் கதை’ என்று அட்டையில் போடாதீர்கள். ப்ரோமில் திருப்பி அனுப்பியதை நீங்கள் ஊகித்து எழுதப்போகிறீர்கள். உரையாடல்கள் அத்தனையும் உங்களுடையவை. ‘என் ஆயாவின் நினைவுகளிலிருந்து எழுந்த நாவல்’ என்பது நேர்மையான வரி, காதுக்கும் நன்றாக இருக்கிறது. கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, ஆயா சொன்னது எது, ஆவணத்தில் கிடைத்தது எது, நீங்கள் சேர்த்தது எது என்று எழுதிவிடுங்கள். வரலாற்று நாவல் வாசகர்களில் பலர் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். பின்னட்டையில் சாவு எண்ணிக்கை எதையும் அச்சிட வேண்டாம். ‘தமிழின் முதல் பர்மா நாவல்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையும் இல்லை.

செயற்கை நுண்ணறிவுப் படங்களை இன்றே அழித்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். கறுப்பு வெள்ளையில், மூட்டை சுமந்த முகங்களோடு, பார்த்தால் அசல் புகைப்படம் என்றே தோன்றுகிறது. நீங்கள் ‘கற்பனைப் படம்’ என்று கீழே எழுதினாலும், இரண்டாவது ஆள் பகிரும்போது அந்த வரி காணாமல் போயிருக்கும். நாலு வருஷத்தில் அது 1942ஆம் ஆண்டுப் புகைப்படமாகப் பாடப் புத்தகம் வரை போய்விடும். இறந்தவர்களுக்கு ஒரு கல்லறைகூட இல்லாத நிகழ்ச்சி அது. அதில் இல்லாத முகங்களைச் செருக வேண்டாம். ஆயாவின் தகரப் பெட்டி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். அட்டைக்கும் அதுவே போதும். விமானமும் தீயும் வேண்டாம்.

விற்பனைக்கு நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் தென்சென்னை அரங்கமும் மூன்று பிரமுகர்களும் பொன்னாடைகளும் இருக்கின்றன. பிரமுகர்கள் புத்தகத்தைப் படிக்காமல் வந்து தங்கள் பர்மா பயணத்தைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் முதல் வாசகர்கள் எம்.கே.பி. நகரிலும் சர்மா நகரிலும் இருக்கிறார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை போட்டிருப்பவர்களிலும் இருக்கிறார்கள். வெளியீட்டை உங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்திலோ கிளை நூலகத்திலோ ஒரு மாலையில் வையுங்கள். கப்பலில் வந்து இறங்கிய பெரியவர்கள் நாலு பேரை மேடையில் உட்கார வைத்துப் பேசவிடுங்கள். அவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், ஆளுக்கு ஒரு பிரதி வாங்குவார்கள், தங்கள் வீட்டுக் கதையையும் உங்களிடம் சொல்வார்கள். அதை நீங்கள் பதிவு செய்ய விரும்பினால் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். இணையத்தில் போடுவதென்றால் தனியாக இன்னொரு முறை கேளுங்கள்.

தேதி டிசம்பர் 23 ஆக இருக்கட்டும். ரங்கூனில் முதல் குண்டு விழுந்த நாள் என்பதால் நாளிதழ்களின் சென்னைப் பக்கங்களுக்குக் கட்டுரை எழுதி அனுப்ப ஒரு காரணம் கிடைக்கும். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது புத்தகம் புதிதாகவும் இருக்கும். குறும் வீடியோ போட ஆசையிருந்தால், அந்த உப்பு முடிச்சுப் பத்தியை உங்கள் சொந்தக் குரலில் ஒரு நிமிடம் படியுங்கள். பின்னணியில் சோக வயலின் வேண்டாம். ‘துவளாத மனம்’, ‘தன்னம்பிக்கை’ போன்ற சொற்களை விளம்பரத்தில் விட்டுவிடுங்கள். தன்னம்பிக்கை நூல்களின் அலமாரிக்குப் போகிற வாசகர் வேறு; ஏமாந்தால் அவர் நிறையப் பேரிடம் சொல்வார்.

பணம் கேட்கும் பதிப்பகத்தைப் பற்றி. அச்சுச் செலவை எழுத்தாளர் ஏற்பது இன்று அதிசயம் இல்லை. எதற்குப் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை பிரதி, என்ன தாள், உங்களுக்கு எத்தனை, மீதி யாரிடம் இருக்கும், அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் அதில் உங்கள் பங்கு என்ன. ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் உஷாராகுங்கள். இந்தியாவில் அதை அரசு இலவசமாகத் தருகிறது, நீங்களே விண்ணப்பிக்கலாம். 300 பிரதிக்கு மேல் முதலில் அச்சடிக்க வேண்டாம். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபின் வீட்டில் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கும் அவசியம் போய்விட்டது. மின்னூல், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளை ஒரே வரியில் ‘அனைத்து உரிமைகளும்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள். கால அளவையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் 5 ஆண்டு என்று பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘நிரந்தரமாக’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.